திமோர் லெஸ்தே விடுதலை பெற்றது எப்போது: 1975, 1999, 2002?

நூலகத்துணை எழுதியது:

எங்கள் ஊர்க் கிளை நூலகத்தில் பள்ளி மாணவர்கள் பார்க்கும்படி ஆசிய நாடுகளின் விடுதலை அட்டவணை ஒன்றைத் தயாரித்து வருகிறேன். நாட்டின் பெயர், விடுதலை பெற்ற நாள், எந்த ஆட்சியிடமிருந்து என்று மூன்றே கட்டங்கள். மற்ற நாடுகளை எழுதி முடித்துவிட்டேன். திமோர் லெஸ்தேயில் வந்து நின்றுவிட்டது. என்னிடமுள்ள ஒரு பொது அறிவு நூல் “2002 மே 20, இந்தோனேசியாவிடமிருந்து” என்கிறது. வேறொரு பழைய ஆண்டுமலர் “1975 நவம்பர் 28, போர்ச்சுகலிடமிருந்து” என்கிறது. இவற்றில் எதுவும் அச்சுப்பிழை அல்ல என்பது வரை எனக்குப் புரிகிறது. ஆனால் ஒரு நாட்டுக்கு இரண்டு விடுதலை நாள்கள் எப்படி இருக்க முடியும் என்று ஒரு மாணவி அட்டவணையின் முன் நின்று கேட்டால், அவளுக்குச் சொல்ல என்னிடம் தெளிவான விடை இல்லை. அந்த நாட்டின் வரலாற்றைப் படித்தவர்கள் இங்கே இருக்கிறீர்கள் என்பதால் கேட்கிறேன்.

கடல்வழி எழுதியது:

அந்நாட்டின் அரசமைப்புச் சட்டமே இக்கேள்விக்கு விடை சொல்லியிருக்கிறது. அதன் முதல் பிரிவு 1975 நவம்பர் 28-ஐ விடுதலை அறிவிப்பு நாள் என்று குறிக்கிறது. அன்று அறிவிக்கப்பட்ட விடுதலை 2002 மே 20 அன்று உலக நாடுகளால் ஏற்கப்பட்டது என்ற பொருளில் முகவுரை எழுதப்பட்டுள்ளது. ஆகவே அவர்கள் மே 20-ஐ விடுதலை பெற்ற நாளாகக் கொண்டாடுவதில்லை, விடுதலையை மீட்ட நாளாகவே கொண்டாடுகிறார்கள். ‘பெற்ற’, ‘மீட்ட’ என்ற இரண்டு சொற்களுக்கும் நடுவே 24 ஆண்டு ஆக்கிரமிப்பு இருக்கிறது.

அந்த 1975-ஐக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்க வேண்டும். 1974 ஏப்ரல் 25 அன்று, திமோரை ஆண்டுவந்த போர்ச்சுகலின் தலைநகர் லிஸ்பனில் இளம் இராணுவ அதிகாரிகள் சர்வாதிகார ஆட்சியைக் கவிழ்த்தார்கள். அடுத்த ஏறத்தாழ ஒரு மாதத்தில் திமோரின் தலைநகர் டிலியில் மூன்று கட்சிகள் தோன்றிவிட்டன. யு.டி.டி. என்ற திமோர் சனநாயக ஒன்றியம் போர்ச்சுகலுடன் உறவைத் தொடர்ந்தபடி படிப்படியாக விடுதலைக்குச் செல்ல விரும்பியது. பின்னாளில் ஃப்ரெடிலின் என்று பெயர் மாற்றிக்கொண்ட கட்சி முழு விடுதலையைக் கேட்டது. அப்போதெத்தி என்ற சிறிய கட்சி இந்தோனேசியாவுடன் இணைவதை ஆதரித்தது. 1975 ஆகஸ்ட் 11 அன்று யு.டி.டி. அதிகாரத்தைக் கைப்பற்ற முயன்றது. ஆகஸ்ட் 20 முதல் ஃப்ரெடிலின் திருப்பித் தாக்கியது. போர்ச்சுகல் படையில் பணியாற்றிய திமோர் வீரர்களில் பெரும்பாலோர் ஃப்ரெடிலின் பக்கம் நின்றதால் சில வாரங்களிலேயே அதன் கை ஓங்கிவிட்டது. ஆளுநர் லெமோஸ் பிரெஸ் தம் அலுவலர்களோடு டிலிக்கு எதிரேயுள்ள அத்தாவுரோ தீவுக்குப் போய்விட்டார். அவர் திரும்பி வந்து ஆட்சியைப் பொறுப்பேற்கவே இல்லை.

அதற்குப் பிந்தைய மூன்று மாதங்களைத்தான் பொது அறிவு நூல்கள் முற்றிலும் விட்டுவிடுகின்றன. நாட்டை நடத்தியது ஃப்ரெடிலின். ஆனால் அவர்கள் உடனே விடுதலையை அறிவித்துவிடவில்லை. போர்ச்சுகலின் கொடியைப் பறக்கவிட்டபடியே, திரும்பி வாருங்கள், அதிகாரத்தை முறைப்படி கைமாற்றித் தாருங்கள் என்று லிஸ்பனை வேண்டிக்கொண்டிருந்தார்கள். லிஸ்பன் தன் உள்நாட்டுக் குழப்பத்திலும் தன் ஆப்பிரிக்கக் குடியேற்றமான அங்கோலாவிலும் மூழ்கிக் கிடந்தது. இதற்குள் இந்தோனேசியப் படை மேற்கு எல்லையைத் தாண்டிவிட்டது. அக்டோபர் 16 அன்று பாலிபோவில், ஆஸ்திரேலியத் தொலைக்காட்சிகளுக்காகச் செய்தி திரட்ட வந்த ஐந்து பேர் கொல்லப்பட்டனர். நவம்பர் இறுதியில் அதாபாய் என்ற ஊரும் விழுந்தது. ஒரு கட்சியாக நின்றால் ஐ.நா.வின் கதவைத் தட்ட முடியாது, ஓர் அரசாக நின்றால் தட்டலாம் என்ற நம்பிக்கையில்தான் நவம்பர் 28 அன்று கொடியேற்றினார்கள். பிரான்சிஸ்கோ சேவியர் டோ அமரால் குடியரசுத் தலைவர் ஆனார். நிக்கோலவ் லோபாட்டோ தலைமையமைச்சர் ஆனார். ஒன்பதாம் நாள், டிசம்பர் 7 விடியலில், டிலியில் இந்தோனேசிய வான்குடைப் படை இறங்கியது. அதற்கு முந்தைய நாள்தான் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ஃபோர்டும் வெளியுறவு அமைச்சர் கிசிஞ்சரும் ஜகார்த்தாவில் இந்தோனேசியக் குடியரசுத் தலைவர் சுகார்த்தோவைச் சந்தித்திருந்தனர்.

ஐ.நா. பாதுகாப்பு அவை டிசம்பர் 22 அன்று தனது 384ஆம் தீர்மானத்தில் படையைத் திரும்பப் பெறும்படி கோரியது. 1976 ஜூலை 17 அன்று இந்தோனேசியா அப்பகுதியைத் தன் 27ஆம் மாகாணம் என்று அறிவித்தபோது ஐ.நா. அதை ஏற்கவில்லை. 2002 வரை ஐ.நா.வின் ஏடுகளில் அது தன்னாட்சி பெறாத ஆட்சிப்பகுதி என்றே இருந்தது. எனவே “இந்தோனேசியாவிடமிருந்து விடுதலை” என்று எழுதினால், ஐ.நா. ஒருபோதும் ஏற்காத ஓர் இணைப்பை நாம் நம் நூலகச் சுவரில் ஏற்றுக்கொண்டதாக ஆகும். 1975 என்றே எழுதுங்கள்.

இதற்கு முன்மாதிரியும் உண்டு. மேற்கு ஆப்பிரிக்காவில் போர்ச்சுகல் ஆண்ட கினி பிசாவு 1973 செப்டம்பர் 24 அன்று, போர்ச்சுகல் படை இன்னும் தன் மண்ணில் இருக்கும்போதே, தானாகவே விடுதலையை அறிவித்தது. போர்ச்சுகல் ஓராண்டு கழித்து 1974 செப்டம்பர் 10 அன்றுதான் அதை ஏற்றது. இன்று கினி பிசாவு கொண்டாடுவது 1973-ஐத்தான். ஆண்ட நாடு ஒப்புக்கொண்ட நாளை யாரும் அந்நாட்டின் பிறந்தநாள் என்று சொல்வதில்லை.

எதிர்க்கரை எழுதியது:

கடல்வழி அவர்கள் சொன்ன நிகழ்வுகளில் எனக்கு மாறுபாடு இல்லை. அவற்றிலிருந்து அவர் வந்தடைந்த முடிவில் மாறுபடுகிறேன்.

1975 நவம்பர் 28 அறிவிப்பு ஒரு கட்சியின் அறிவிப்பு. அரசமைப்பின் முகவுரையே அதை ஃப்ரெடிலின் செய்த அறிவிப்பு என்றுதான் பெயர் சுட்டிச் சொல்கிறது. அதற்கு மூன்று மாதங்களுக்கு முன்புதான் திமோர் மக்கள் ஒருவரையொருவர் கொன்றிருந்தார்கள். பின்னாளில் அந்நாடே அமைத்த உண்மை ஆணையம், அந்தச் சில வார உள்நாட்டுப் போரில் 1,500 முதல் 3,000 பேர் வரை இறந்திருக்கலாம் என்று மதிப்பிட்டது. ஃப்ரெடிலின் தன் சிறையில் வைத்திருந்த யு.டி.டி., அப்போதெத்தி கைதிகளை 1975 டிசம்பரிலும் 1976 சனவரியிலும் ஐலேயு, மவுபிசே, சாமே ஆகிய ஊர்களில் கொன்றதையும் அதே ஆணையம் பதிவு செய்துள்ளது. அந்தக் கைதிகளின் பிள்ளைகளும் இன்று அந்நாட்டின் குடிமக்கள். அவர்களுக்கு நவம்பர் 28 என்ன பொருள் தரும் என்று நாம் கேட்க வேண்டாமா?

மக்களிடம் வாக்கெடுப்பில் நேராகக் கேட்கப்பட்டது ஒரே ஒருமுறைதான்: 1999 ஆகஸ்ட் 30. பதிவு செய்த 4,51,792 வாக்காளர்களில் 98.6 விழுக்காட்டினர் வந்து வாக்களித்தார்கள். இந்தோனேசியாவின் பக்கம் நின்ற துணைப்படைக் கும்பல்கள் ஊர் ஊராக மிரட்டிக்கொண்டிருந்த நாள்களில், விடியும் முன்பே மலையிலிருந்து நடந்து வந்து வரிசையில் நின்றார்கள். இந்தோனேசியாவுக்குள் தன்னாட்சி வேண்டாம் என்று 3,44,580 பேரும், வேண்டும் என்று 94,388 பேரும் சொன்னார்கள். அதற்கான விலையையும் அவர்களே கொடுத்தார்கள். முடிவு வெளியான பிறகு நாட்டின் கட்டடங்களில் பெரும்பகுதி எரிக்கப்பட்டது. அந்த ஆண்டில் மட்டும் சுமார் 1,400 பேர் கொல்லப்பட்டனர். விடுதலை என்பது மக்களின் விருப்பம் என்றால், அந்த விருப்பம் எண்ணப்பட்ட நாள் அதுதான். கட்சி அறிவித்த நாளையும் உலகம் ஏற்ற நாளையும் விட, மக்கள் வாக்களித்த நாளே அட்டவணையில் இடம்பெறத் தகுதியானது என்பது என் கருத்து.

மலைவழி எழுதியது:

நண்பர்கள் இருவரும் 1974-இல் தொடங்குகிறீர்கள். “எந்த ஆட்சியிடமிருந்து” என்ற மூன்றாம் கட்டத்தையும் நிரப்ப வேண்டியிருப்பதால், நான் சற்றுப் பின்னோக்கிச் செல்ல விரும்புகிறேன்.

போர்ச்சுகீசியர் 16ஆம் நூற்றாண்டில் சந்தன மரத்துக்காகத் திமோருக்கு வந்தார்கள். ஆயினும் நெடுங்காலம் அங்கே உண்மையான அதிகாரம் அவர்கள் கையில் இல்லை. உள்நாட்டில் லியுராய் எனப்படும் சிற்றரசர்கள் ஆண்டார்கள். கடற்கரையில், போர்ச்சுகீசியருக்கும் தீவு மக்களுக்கும் பிறந்த கலப்பு வழியினரான தோப்பாஸ் மக்கள் சந்தன வணிகத்தைப் பிடித்து வைத்திருந்தார்கள். இந்தத் ‘தோப்பாஸ்’ என்ற சொல் நம்முடைய ‘துப்பாசி’ என்பதிலிருந்து போயிருக்கலாம் என்று ஆய்வாளர்கள் பலர் கருதுகின்றனர். இரு மொழி அறிந்து இடையில் நின்று பேசுபவர் என்ற பொருளில் நம் துறைமுகங்களில் வழங்கிய அதே சொல். பெயர் எங்கிருந்து போயிருந்தாலும், அவர்கள் யாருடைய ஏவலாளராகவும் இருக்கவில்லை. அவர்கள் முற்றுகையிட்டதால்தான் 1769-இல் ஆளுநர் லிஃபாவ் துறைமுகத்தைக் கைவிட்டு டிலிக்குத் தலைநகரை மாற்ற நேர்ந்தது. 1844 வரை திமோரின் நிர்வாகம் கோவாவுக்கு உட்பட்டிருந்தது. பிறகு சீனக் கரையிலிருந்த போர்ச்சுகீசியக் குடியேற்றமான மக்காவ் நகருடன் சேர்க்கப்பட்டது. லிஸ்பனின் பார்வையில் அது கடைசிக் கடையாகவே இருந்தது.

தீவை இரண்டாக வெட்டியது 1859-இல் போர்ச்சுகலும் நெதர்லாந்தும் செய்துகொண்ட ஒப்பந்தம். எல்லை பற்றிய இறுதித் தகராறு 1914-இல் த ஹேக் நகரில் ஒரு நடுவரின் தீர்ப்பால் முடிந்தது. இந்த எல்லைக்கோட்டை வரையும்போது அங்கே வாழ்ந்தவர்களிடம் யாரும் கேட்கவில்லை. ஆனால் அந்தக் கோட்டின் கிழக்கே இருந்தவர்கள்தான் பின்னாளில் ஒரு நாடாகத் தங்களை உணர்ந்தார்கள் என்பதை நாம் மறுக்க முடியாது.

தலைவரியும் கட்டாய உழைப்பும் மலை ஊர்களை நெருக்கியபோது மக்கள் எதிர்த்து எழுந்தார்கள். அவற்றில் பெரியது 1911, 1912 ஆண்டுகளில் மனுஃபாயி சிற்றரசர் டோம் போவவெந்துரா நடத்திய போர். மொசாம்பிக்கிலிருந்து வீரர்களைக் கொண்டுவந்தும், கடலிலிருந்து போர்க்கப்பலால் சுட்டும்தான் போர்ச்சுகல் அதை அடக்கியது. ஒரு குடியேற்ற நாட்டின் மக்களை வைத்தே இன்னொரு குடியேற்ற நாட்டின் மக்களைச் சுட வைத்தார்கள். இன்று போவவெந்துரா அந்நாட்டின் தேசிய வீரர். 1942 பிப்ரவரியில் சப்பானியர் இறங்கினார்கள். மூன்றரை ஆண்டு ஆக்கிரமிப்பில் குறைந்தது 40,000 திமோர் மக்கள் இறந்ததாகச் சொல்லப்படுகிறது. போரில் நடுநிலை வகித்த ஒரு நாட்டின் குடியேற்றப் பகுதிக்கு அந்தக் கதி. போர் முடிந்ததும் போர்ச்சுகல் மீண்டும் வந்து அமர்ந்தது. 1959-இல் விக்கேக்கே பகுதியில் மறுபடியும் ஒரு கிளர்ச்சி எழுந்தது. பிடிபட்டவர்களில் பலர் அங்கோலாவுக்கு நாடு கடத்தப்பட்டனர்.

ஆகவே மூன்றாம் கட்டத்தில் போர்ச்சுகலின் பெயரை விட்டுவிடாதீர்கள். இந்தோனேசிய ஆக்கிரமிப்பு மிகக் கொடியது என்பதால், அதற்கு முந்தைய நானூறு ஆண்டுகள் ஏதோ அமைதிக்காலம் போல ஆகிவிடுகின்றன. பள்ளிப் பிள்ளைகள் அப்படி நினைத்துவிடக் கூடாது.

பனந்தோப்பு எழுதியது:

ஓர் ஐயம். 1961-இல் இந்தியா கோவாவில் செய்ததும் 1975-இல் இந்தோனேசியா திமோரில் செய்ததும் ஒன்றுதான் என்று ஒரு கட்டுரையில் படித்தேன். இரண்டிலும் அண்டை நாடு படையை அனுப்பிப் போர்ச்சுகீசியக் குடியேற்றத்தை இணைத்துக்கொண்டது. அப்படியென்றால் ஒன்றை விடுதலை என்றும் மற்றொன்றை ஆக்கிரமிப்பு என்றும் நாம் எந்த அடிப்படையில் சொல்கிறோம்? குற்றம் சாட்டுவதற்காகக் கேட்கவில்லை. விடை தெரிய வேண்டும் என்பதற்காகவே கேட்கிறேன்.

கடல்வழி எழுதியது:

பனந்தோப்பு அவர்கள் கேட்டது நேர்மையான கேள்வி. இந்த ஒப்பீட்டை அன்றே பலர் செய்தார்கள். 1975 டிசம்பர் 12 அன்று ஐ.நா. பொது அவையில் இந்தோனேசியாவின் படையெடுப்பைக் குறித்த தீர்மானம் வந்தபோது 72 நாடுகள் ஆதரித்தன, 43 நாடுகள் விலகி நின்றன, 10 நாடுகள் எதிர்த்து வாக்களித்தன. அந்தப் பத்தில் இந்தியாவும் ஒன்று. திமோர் வரலாற்றைப் பேசும் இந்தியர் இதை மறைக்காமல் சொல்ல வேண்டும். எனக்கு இது வருத்தம் தருகிற உண்மை.

ஆயினும் இரண்டும் ஒன்றல்ல என்பதற்கு வலுவான காரணங்கள் உள்ளன. கோவாவின் விடுதலை இயக்கத்தில் முதன்மையாக ஒலித்த குரல் இந்தியாவோடு இணைவதையே கேட்டது. அங்கே தனி நாட்டை அறிவித்த ஓர் அரசு இருக்கவில்லை. திமோரில் இணைப்பைக் கேட்ட கட்சியே மூன்றில் மிகச் சிறியது. கோவா மக்கள் படைக்கு எதிராக மலையேறி இருபது ஆண்டுகள் போரிடவில்லை. திமோர் மக்கள் போரிட்டார்கள். 1967-இல் கோவாவில் மகாராட்டிரத்தோடு சேர்வதா வேண்டாமா என்று வாக்கெடுப்பு நடந்தது. மக்கள் வேண்டாம் என்றார்கள். அந்த முடிவு மதிக்கப்பட்டது. இறுதியாக, 1974-இன் கடைசி நாளில் போர்ச்சுகலே இந்தியாவுடன் ஒப்பந்தம் செய்து கோவா இந்தியாவுக்கு உரியது என்பதை ஏற்றுக்கொண்டது. திமோர் விடயத்தில் போர்ச்சுகல் அப்படி ஒருபோதும் ஏற்கவில்லை. மாறாக, திமோர் கடலின் எண்ணெய்க்காக இந்தோனேசியாவுடன் 1989-இல் ஒப்பந்தம் செய்த ஆஸ்திரேலியாமீது பன்னாட்டு நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தது. இந்தோனேசியா வழக்கில் ஒரு தரப்பாக இல்லாததால் தீர்ப்புச் சொல்ல இயலாது என்று 1995-இல் நீதிமன்றம் கைவிரித்தது. ஆனால் திமோர் மக்களுக்குத் தங்கள் எதிர்காலத்தைத் தாங்களே முடிவு செய்யும் உரிமை உண்டு என்பதை அதே தீர்ப்பில் பதிவு செய்தது.

இன்னொன்றும் உண்டு. இந்தோனேசியா தன்னை டச்சு இந்தியத் தீவுகளின் வாரிசு என்று சொல்லிக்கொண்ட நாடு. அந்த வரையறைப்படி போர்ச்சுகீசியத் திமோர்மீது தனக்கு உரிமை இல்லை என்று 1960களின் தொடக்கத்தில் ஐ.நா.விலேயே கூறியிருந்தது. 1974 ஜூனில் இந்தோனேசிய வெளியுறவு அமைச்சர் ஆதம் மாலிக், விடுதலை என்பது திமோர் மக்கள் உட்பட எல்லா நாட்டினருக்கும் உரிய உரிமை என்று திமோர் விடுதலைத் தலைவர்களில் ஒருவரான ஜோசே ராமோஸ் ஓர்டாவுக்குக் கடிதமே எழுதிக் கொடுத்தார். அந்தக் கடிதத்துக்கும் டிசம்பர் 7-க்கும் இடையே பதினெட்டு மாதங்கள்கூட இல்லை.

பனந்தோப்பு எழுதியது:

தெளிவாயிற்று, ஐயா. இந்தியா எதிர்த்து வாக்களித்ததை இதுவரை நான் எங்கும் படித்ததில்லை. நன்றி.

வெள்ளைப்பூண்டு எழுதியது:

இழையில் நான் தாமதமாகச் சேர்கிறேன். தேதிகளைப் பற்றிய விவாதம் பயனுள்ளது. எனினும் 1975-க்கும் 1999-க்கும் இடையில் என்ன நடந்தது என்பதை யாரும் விரித்துச் சொல்லவில்லை. அதைச் சொன்னால்தான் ‘மீட்பு’ என்ற சொல்லை அவர்கள் ஏன் இவ்வளவு இறுகப் பிடித்திருக்கிறார்கள் என்பது விளங்கும்.

படையெடுப்பு நடந்ததும் மக்கள் பெருந்திரளாக மலைகளுக்கு ஓடினார்கள். அங்கே ஃப்ரெடிலின் நிர்வாகத்தின்கீழ் பயிரிட்டு, பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்து இரண்டாண்டுகள் வாழ்ந்தார்கள். 1977 முதல் இந்தோனேசியப் படை மலைகளைச் சுற்றி வளைத்து, வானிலிருந்து குண்டு வீசி, பயிர்களை அழித்தது. 1978 நவம்பரில் கடைசிப் பெரிய புகலிடமான மத்தேபியான் மலை வீழ்ந்தது. இறங்கி வந்தவர்கள் முகாம்களில் அடைக்கப்பட்டார்கள். முகாமைவிட்டு நெடுந்தொலைவு சென்று பயிரிட அவர்களுக்கு இசைவு இல்லை. பஞ்சம் அங்கேதான் மக்களைக் கொன்றது. உண்மை ஆணையம் 1974 முதல் 1999 வரை மோதலால் நேர்ந்த இறப்புகள் குறைந்தது 1,02,800 என்று கணக்கிட்டது. அவற்றில் சுமார் 18,600 நேரடிக் கொலைகள். ஏறத்தாழ 84,200 பசியாலும் நோயாலும் நேர்ந்தவை. இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். போர் என்றதும் நம் கண்ணில் துப்பாக்கி வருகிறது. அங்கே சோறு கிடைக்காமல் செத்தவர்கள் அதைப் போல நான்கு மடங்குக்கும் மேல்.

1978-இன் கடைசி நாளில் நிக்கோலவ் லோபாட்டோ சண்டையில் கொல்லப்பட்டார். எல்லாம் முடிந்தது என்று ஜகார்த்தா நினைத்திருக்கும். எஞ்சிய சில நூறு பேரைக் கூட்டி 1981-இல் எதிர்ப்பை மறுபடி கட்டியவர் ஷனானா குஸ்மாவோ. அவர் செய்த பெரிய காரியம் படை திரட்டியது மட்டுமல்ல. எதிர்ப்பு இயக்கத்தை ஃப்ரெடிலின் என்ற ஒரே கட்சிக்குள் அடைத்து வைக்காமல், பழைய யு.டி.டி.யினரும் மாணவரும் திருச்சபையும் சேரக்கூடிய பொது அமைப்பாக 1980களில் மாற்றினார். எதிர்க்கரை அவர்கள் 1975 அறிவிப்பு ஒரு கட்சியின் அறிவிப்பு என்றார். உண்மைதான். அந்த ஒரு கட்சியின் அறிவிப்பை அடுத்த இருபது ஆண்டுகளில் எல்லாருடையதாகவும் ஆக்கிக்கொண்டார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

திருச்சபையின் பங்கு தனியே சொல்லத் தகுந்தது. 1975-இல் அந்நாட்டில் கத்தோலிக்கர் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. இன்று கிட்டத்தட்ட எல்லாருமே கத்தோலிக்கர். நானூறு ஆண்டுப் போர்ச்சுகீசிய ஆட்சியில் நடக்காதது 24 ஆண்டு இந்தோனேசிய ஆட்சியில் நடந்தது. காரணம், படைக்கு நடுவே மக்கள் கூடிப் பேச எஞ்சியிருந்த ஒரே இடம் கோவில்தான். போர்ச்சுகீசியம் தடுக்கப்பட்டபோது, வழிபாட்டை இந்தோனேசிய மொழிக்கு மாற்றாமல் 1981-இல் உள்நாட்டு மொழியான தேத்துமுக்கு மாற்றினார்கள். மலைக்கு மலை வேறு மொழி பேசிய மக்களுக்குப் பொதுமொழி ஒன்று ஊன்றியதில் அந்த முடிவுக்குப் பெரும் பங்கு உண்டு.

1991 நவம்பர் 12 அன்று டிலியின் சாந்தா குரூசு கல்லறைத் தோட்டத்தில் ஊர்வலமாக வந்த இளைஞர்கள்மீது படையினர் சுட்டதை ஒரு பிரித்தானியச் செய்தியாளர் படம் பிடித்தார். அந்தப் படச்சுருளைக் கல்லறை ஒன்றில் மறைத்து வைத்து, பின்னர் எடுத்து நாட்டைவிட்டு வெளியே அனுப்பினார்கள். அதற்கு முன் 16 ஆண்டுகள் நடந்தவற்றுக்கு உலகத்திடம் அப்படியொரு படம் இல்லை. 1996-இல் டிலியின் கத்தோலிக்க ஆயர் பெலோவுக்கும் ராமோஸ் ஓர்டாவுக்கும் நோபல் அமைதிப் பரிசு கிடைத்தது அதன் தொடர்ச்சியே.

கடைசியாக மொழி பற்றி ஒரு சொல். 2002-இல் அவர்கள் தேத்துமோடு போர்ச்சுகீசியத்தையும் ஆட்சிமொழி ஆக்கினார்கள். ஆண்ட நாட்டின் மொழியை ஏன் மீண்டும் ஏற்றார்கள் என்று வெளியே இருப்பவர்கள் வியக்கிறார்கள். மலையில் போரிட்டவர்களுக்கு அது தடைசெய்யப்பட்ட மொழி. இயக்கத்தின் கடிதங்கள் எழுதப்பட்ட மொழி. ஆனால் இந்தோனேசியப் பள்ளிகளில் படித்து, அதே கல்லறைத் தோட்டத்தில் சுடப்பட்ட தலைமுறைக்கு அந்த மொழி தெரியாது. தாங்கள் உயிரைக் கொடுத்து வாங்கிய நாட்டின் சட்டத்தையும் தீர்ப்பையும் தாங்களே படிக்க முடியாத நிலைக்கு அவர்கள் தள்ளப்பட்டார்கள். இது என் மனத்தில் தைக்கிற ஒன்று. நம் வீட்டு மேசையும் சன்னலும் போர்ச்சுகீசியச் சொற்கள்தாம். தேத்துமிலும் அவை மேசா, சனேலா. ஒரு மொழிக்குள் வந்து கரைந்துபோன சொல்லுக்கும், அரசு அலுவலக வாசலில் காவல் நிற்கும் மொழிக்கும் வேறுபாடு உண்டு.

எதிர்க்கரை எழுதியது:

வெள்ளைப்பூண்டு அவர்களின் பதிவைப் படித்த பிறகு என் நிலையை ஓரளவு மாற்றிக்கொள்கிறேன். 1999 மட்டுமே போதும் என்று நான் எழுதியது குறையுடையது. அந்த வாக்குச்சீட்டில் இருந்த சொற்களை நினைவுபடுத்திக்கொண்டேன். சிறப்புத் தன்னாட்சியை ஏற்கிறீர்களா, அல்லது அதை மறுத்து இந்தோனேசியாவிலிருந்து பிரிந்து செல்வதை விரும்புகிறீர்களா என்பதே கேள்வி. ‘விடுதலை’ என்ற சொல் அந்தச் சீட்டில் இல்லை. அந்தச் சொல்லை மக்கள் 1975-இலிருந்து தங்களோடு கொண்டு வந்திருந்தார்கள். வாக்கெடுப்பை மட்டும் குறித்தால், இந்தோனேசியாவின் குடியரசுத் தலைவர் அபீபி வழங்கிய வாய்ப்பால் பிறந்த நாடு என்ற தோற்றம் வந்துவிடும். அது அநீதி.

ஆனால் 1975-இன் உள்நாட்டுக் கொலைகளைப் பற்றி நான் சொன்னதை விடமாட்டேன். அதற்குக் காரணம், அந்நாட்டு மக்களே அதை விடவில்லை. 2003 டிசம்பரில் உண்மை ஆணையம் அந்த உள்நாட்டு மோதலைப் பற்றி டிலியில் நான்கு நாள் பொது விசாரணை நடத்தியது. ஆணையத்தின் அலுவலகம் இருந்தது பாலிடே என்ற பழைய சிறைக் கட்டடத்தில். போர்ச்சுகீசியர் கட்டி, பின்னர் இந்தோனேசியரும் பயன்படுத்திய சிறை அது. அன்றைய எதிரெதிர்க் கட்சிகளின் தலைவர்கள் நேரில் வந்து, நாடு முழுவதும் கேட்கும்படி பேசினார்கள். தங்கள் தரப்பின் குற்றங்களை ஒப்புக்கொண்டார்கள். ஆணையத்தின் அறிக்கை 2005-இல் குடியரசுத் தலைவரிடம் கையளிக்கப்பட்டது. அதன் தலைப்பு ‘ஷேகா’ என்ற போர்ச்சுகீசியச் சொல். போதும், இனி வேண்டாம் என்பது பொருள். பிறந்த மூன்றே ஆண்டுகளில் தன்னை நிறுவிய தலைவர்களின் குற்றத்தையும் சேர்த்து எழுதிக்கொண்ட வேறு நாட்டை எனக்குத் தெரியாது.

நவம்பர் 28 அன்று குடியரசுத் தலைவராகப் பதவியேற்ற சேவியர் டோ அமராலையே, எதிரியோடு பேச முயன்றார் என்று சொல்லி 1977-இல் ஃப்ரெடிலின் கைது செய்து அடைத்து வைத்தது. அவர் பிழைத்து வந்து, 2002-இல் குடியரசுத் தலைவர் தேர்தலில் ஷனானாவை எதிர்த்து நின்றார். நவம்பர் 28 என்ற நாளுக்குள் இதுவும் அடக்கம்.

மலைவழி எழுதியது:

ஒரு சிறு சேர்க்கை. அட்டவணையில் பெயரைத் ‘திமோர் லெஸ்தே’ என்றே எழுதுங்கள். ‘கிழக்கு திமோர்’ என்பதை அடைப்புக்குறிக்குள் வையுங்கள். ‘திமோர்’ என்பதே மலாய் மொழியில் கிழக்கைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. ஆகவே முழுப்பெயருக்குக் ‘கிழக்கின் கிழக்கு’ என்று பொருள் வருகிறது. 2025 அக்டோபரில் தென்கிழக்காசிய நாடுகளின் ஆசியான் அமைப்பில் பதினோராவது உறுப்பினராகச் சேர்ந்ததும் இந்தப் பெயரில்தான். அந்த அமைப்பைத் தொடங்கிய நாடுகளுள் ஒன்று இந்தோனேசியா.

நூலகத்துணை எழுதியது:

அனைவருக்கும் நன்றி. மூன்று கட்டங்களுக்குள் இந்த நாட்டை அடக்க முடியாது என்று இப்போது தெரிகிறது, தவறு கட்டங்களில்தான். அட்டையை மறுபடி வரைகிறேன். மற்ற நாடுகளுக்கும் “அறிவித்த நாள்”, “ஏற்கப்பட்ட நாள்” என்று இரண்டு கட்டங்கள் தேவைப்படும் என்று தோன்றுகிறது. இந்தோனேசியாவின் வரியே அப்படித்தான்: அவர்கள் அறிவித்தது 1945 ஆகஸ்ட் 17, நெதர்லாந்து அதிகாரத்தைக் கைமாற்றியது 1949 டிசம்பர் 27. அவர்கள் கொண்டாடுவது 1945-ஐ. இதை நேற்று எழுதும்போது நான் யோசிக்கவே இல்லை.

திமோர் லெஸ்தேக்கு நான் எழுதியிருப்பது இது. பிழை இருந்தால் திருத்துங்கள்:

திமோர் லெஸ்தே (கிழக்கு திமோர்). போர்ச்சுகலிடமிருந்து விடுதலை அறிவிப்பு: 1975 நவம்பர் 28. இந்தோனேசிய ஆக்கிரமிப்பு: 1975 டிசம்பர் 7 முதல் 1999 வரை. மக்கள் வாக்கெடுப்பு: 1999 ஆகஸ்ட் 30. விடுதலை மீட்பு: 2002 மே 20.

கடல்வழி எழுதியது:

சரியாக உள்ளது. வரி நீளமாக இருக்கிறதே என்று சுருக்கிவிடாதீர்கள்.